கல்யாண வளைவில் இறங்கிய தேனீக்கள்

கல்யாணப் பெண்ணுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாப்பிள்ளை அவளைவிட மூன்று வயது மூத்தவர். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கக்கூடியவர்கள் டக்கர் விரிகுடா என்ற அந்தக் கடலோர ஊரிலும் இருந்தார்கள்தான். ஆனால் அழைப்பு கைக்கு வந்ததும் அவர்களும் நல்ல சட்டையைத் தேடி எடுத்துத் தேய்த்து மாட்டிவிட்டார்கள். மகிழ்ச்சி நடக்கிற இடத்தில் விலகி நிற்க யாருக்குத்தான் மனம் வரும்?

கோரலி ஆல்போர்ட் பள்ளிக்கூட கேண்டீனில் சமைக்கிறவள். கணவர் இறந்து ஒன்பது வருடம். டெஸ்மண்ட் லவல், கார்களை ஏற்றிக்கொண்டு புரூனி தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் கயிறு கட்டுகிறவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். தங்கையைப் பார்க்கக் கோரலி தீவுக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய பழைய காரை அவர் கையசைத்து முன்வரிசைக்கு வரவழைப்பார். அங்கிருந்துதான் தண்ணீர் நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் இப்படியே முன்வரிசை கொடுத்துக்கொண்டிருந்தார், வேறொன்றும் சொல்லவில்லை. கடைசியில் கோரலிதான் கார்க் கண்ணாடியை இறக்கி, தேநீர் குடிக்க வருகிறீர்களா என்று கேட்டாள்.

டெஸ்மண்டுக்கு வாய் சுருக்கம். சொல்ல வேண்டியதையெல்லாம் கைவேலையில் சொல்லிவிடுவார். குளிர்காலம் முழுக்கத் தன் கொட்டகையில் உட்கார்ந்து டீ-ட்ரீ என்ற புதர்மரத்தின் கம்புகளை வளைத்து, ஓர் ஆணிகூட அடிக்காமல், படகுக் கயிறு கட்டுகிற முடிச்சுகளாலேயே, மணமக்கள் கீழே நின்று உறுதிமொழி சொல்ல ஒரு கல்யாண வளைவு கட்டியிருந்தார். அதை வெள்ளிக்கிழமை கோரலியின் தோட்டத்தில், கடல் தெரியும் மூலையில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒவ்வொரு முடிச்சையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "நாளைக்கு" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபிறகு கோரலி வெகுநேரம் அந்த வளைவின் கீழேயே நின்றாள். பின்புறச் சதுப்பிலிருந்து கொசு கிளம்பிவந்து அவள் கையைக் கடித்தது. நாளைக்குப் போதகரையும் கடிக்குமே என்று நினைத்தாள். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் கொசு அண்டாது என்று மகளிர் சங்கத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். உள்ளே போய்ப் புது பாட்டிலை எடுத்துவந்தாள். கொஞ்சமாகத் தடவும் பழக்கம் அவளுக்கு எதிலும் கிடையாது. கேக்கில் வெண்ணெயானாலும் அப்படித்தான். கம்பு கம்பாக, முடிச்சு முடிச்சாக, மணக்க மணக்கத் தேய்த்துவிட்டுத்தான் படுக்கப் போனாள்.

சனிக்கிழமை காலை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. கல்யாணம் இரண்டு மணிக்கு. போதகர் ஜூடித்துக்குத் தீவுச் சபையில் மாலை ஆராதனை இருந்ததால் நாலு மணி ஃபெர்ரியைப் பிடித்தாக வேண்டும். ஆகவே எதையும் தள்ளிப்போட முடியாது. தங்கை கிளெனிஸ் முந்தின நாளே வந்து இறங்கி வீட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்திருந்தாள். மாப்பிள்ளைத் தோழன் ராஸ், டெஸ்மண்டோடு ஃபெர்ரியில் வேலை செய்கிறவன், நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். தலையில் முடியைச் சுருட்டும் உருளைகளோடு கோரலி, ஸ்காலப் பை என்ற சிப்பிக்கறிப் பண்டம் ஒன்றை அடுப்பிலிருந்து எடுத்த நேரத்தில்தான் அந்த இரைச்சல் கேட்டது.

முதலில் ஏதோ மோட்டார் என்று நினைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கொட்டகைக் கூரைக்கு மேலே காற்றே கறுத்துச் சுழல்வதுபோல ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. தேனீக்கள். தோட்டத்தை இரண்டு முறை சுற்றின. எத்தனையோ மரம் இருந்தும் ஒன்றையும் சீண்டாமல், நேராக வளைவின் உச்சியில் போய் இறங்கின. ஒன்றின்மேல் ஒன்றாகத் தொற்றித் தொற்றி, கொஞ்ச நேரத்தில் நல்ல பலாப்பழம் அளவுக்கு ஒரு கொத்து, போதகர் நிற்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே தொங்கியது.

ராஸ் ஒரு நாற்காலியைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் வந்து சேர்ந்தான். கிளெனிஸ் தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடிக்கலாம் என்றாள். ராஸ் புகை போடலாம் என்றான். பிறகு, அந்த மேல்கம்பை மட்டும் அறுத்து எடுத்துவிட்டால் என்ன என்றான். கோரலி அவனைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே உட்கார்ந்துவிட்டது. யாரும் எதையும் தொடக்கூடாது என்றாள். அவையும் உயிர்தானே, பிழைக்க இடம் தேடி வந்தவைதானே என்று அவளுக்கு இருந்தது. மற்ற இருவரும் சபை மண்டபத்துக்கே போய்விடலாம் என்றார்கள். போகலாம்தான். வளைவு இல்லாமலும் கல்யாணம் நடந்துவிடும். டெஸ்மண்டும் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நகராட்சி அனுப்பும் தகவல் தாளில் தேனீக்கூட்டம் வந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண் இருந்தது. தேனீ வளர்ப்போர் சங்கத்து அம்மாள் ஒருத்தி எடுத்தாள். முகவரியைக் கேட்டுக்கொண்டு, கவலையே வேண்டாம், உங்கள் தெருவிலேயே நல்ல ஆள் ஒருத்தர் இருக்கிறார், பேசில் டிரெம்லெட் என்று பெயர், அடுத்த வாசல்தான் என்றாள்.

கோரலி ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"என்னக்கா, வர்றாங்களா?" என்று கிளெனிஸ் கேட்டாள்.

"வரணும்னா நான் போய்க் கூப்பிடணும்."

"யாரை?"

சொன்னதும் கிளெனிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த ஆளா? அவரோட தேனீதானே இது! அவுத்துவிட்டதும் அவர், வந்து அள்ளிட்டுப் போறதும் அவரா?"

கதை இதுதான். போன வசந்தத்துக்கு முந்தின வசந்தத்தில் பேசிலின் தேனீக்கள், அவற்றின் வழக்கப்படி, குளிர் முடிந்து வெளியே வந்த முதல் நாளில் வயிற்றைக் காலி செய்தன. கோரலி காயப்போட்டிருந்த வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சள் பொட்டு. அவள் வேலிக்கு அந்தப்பக்கம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நகராட்சிக்குப் புகார் செய்தாள். அவர்கள் வந்து பார்த்து, பெட்டிகளை வேலியோரம் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேசில் ஒரு சண்டையும் போடவில்லை. வெயில் விழும் வேலியோரத்திலிருந்து பெட்டிகளைத் தன் பழத்தோட்டத்தின் அடிக்கோடிக்கு, நிழலும் ஈரமுமான இடத்துக்கு, தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். அதைச் சமையலறை ஜன்னலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கல்யாணத்துக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு போயிருந்தது, அந்த ஒரு வீட்டைத் தவிர.

சுருள் உருளையைக்கூட எடுக்காமல், இரவு அங்கியின்மேல் மழைக்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ் என்ற கோலத்தில் கோரலி கிளம்பினாள். போகிற வழியெல்லாம், 'உங்கள் தேனீ என் வீட்டுக்கு வந்திருக்கிறது' என்று ஆரம்பிக்கும் பேச்சு ஒன்றை மனதுக்குள் கூர் தீட்டிக்கொண்டே போனாள். பேசில் பின்கட்டில் உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து ரேடியோவை நிறுத்தினார். வேண்டாதவள் வந்தால்கூட ஆட்டத்தை நிறுத்தி எழுந்து நிற்கிற மனிதரிடம் தீட்டி வைத்த பேச்சு எப்படி வரும்?

"வளைவுல தேனீக்கூட்டம் இறங்கியிருக்கு, ரெண்டு மணிக்குக் கல்யாணம்" என்று மட்டும் சொன்னாள்.

"அப்படியா, மிசஸ் ஆல்போர்ட்" என்றார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளைக் கோரலி என்று கூப்பிட்டவர்தான். "கையக் கழுவிட்டு வந்துடுறேன்."

காலிப் பெட்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். முகமூடி இல்லை, கையுறை இல்லை. வளைவின் கீழே போய் அண்ணாந்து பார்த்தார். கூட்டமாகக் கிளம்பிய தேனீ வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டுத்தான் கிளம்பும். காப்பதற்கு வீடும் இல்லை, குஞ்சும் இல்லை. அதனால் கோபமும் இல்லை என்று, தள்ளி நின்ற ராஸிடம் சொன்னார். பிறகு கம்பின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். மூச்சை இழுத்தார். கையால் கம்பைத் தடவி விரலை முகர்ந்தார். திரும்பிக் கோரலியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து பெட்டியைத் திறந்தார்.

கிளெனிஸுக்குப் பொறுக்கவில்லை. சமையலறைப் படியில் நின்றுகொண்டு, "ஏன் சார், அழைப்பில்லாத கல்யாணத்துக்கு ஆளை அனுப்புற பழக்கம் உங்க வீட்ல உண்டா?" என்றாள்.

அதற்குள் முன்கூட்டியே வந்துவிட்ட உறவினர் சிலர் வேலியோரம் நின்றிருந்தார்கள். எல்லோரும் பேசிலைப் பார்த்தார்கள். கோரலிக்கு முகம் சிவந்தது.

பேசில் தொப்பியைக் கழற்றினார். "என்னாலதான்னு வெச்சுக்குங்கம்மா. மன்னிச்சிருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துடலாம்."

கிளெனிஸ் வெற்றி பெற்றவளாக உள்ளே போனாள். உறவினர்களும் தலையாட்டிக்கொண்டார்கள். பேசில் கோரலியைப் பக்கத்தில் வரும்படி சைகை காட்டினார். இரண்டு உதவி வேண்டும் என்றார். ஒன்று, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, அவருடையது கிழிந்துபோயிற்று. இரண்டாவதைக் கேட்கக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்த எண்ணெய் பாட்டில்ல ஏதாவது மிச்சம் இருக்கா?"

"எந்த எண்ணெய்?"

"கம்புல தடவியிருக்கீங்களே, அது. பெட்டிக்குள்ள ஒரு சொட்டு விட்டாப் போதும், தானா உள்ள போயிடும். நாங்க கூட்டம் பிடிக்க இதைத்தான் வைக்கிறது. வழி தேடுற தேனீ ஒண்ணையொண்ணு கூப்பிட ஒரு வாசனை விடும். இது அப்படியே அந்த வாசனை."

 தெருவிலுள்ள தேனீக்கெல்லாம், இங்கே வாருங்கள், இதுதான் வீடு என்று தன் கையாலேயே எழுதித் தேய்த்து வைத்தது யார் என்று கோரலிக்கு இப்போது புரிந்தது.

"அப்போ இது உங்க தேனீ இல்லையா?"

"என்னோடது எல்லாம் வீட்லதான் இருக்கு. காலையில திறந்து பாத்தேன். இது எங்கயோ காட்டு மரப் பொந்துலேர்ந்து வந்திருக்கு."

"பின்ன ஏன் என்னாலன்னு சொன்னீங்க?"

பேசில் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "கல்யாண நாள்ல பொண்ணை யாரும் குறை சொல்லிடக் கூடாதில்ல? எனக்கென்ன, தேனீக்காரன்னு ஏற்கெனவே பேர் வாங்கினவன்தானே. மேல கொஞ்சம் ஏறினா கனக்கவா போகுது?"

கோரலி நேரே வீட்டுக்குள் போனாள். அலமாரியில் பழைய விரிப்புகள் அடுக்கியிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, இன்றைக்கென்று வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த புதுவிரிப்பை எடுத்தாள். அதைக் கொண்டுவந்து தானே புல்மேல் விரித்தாள். மூலைகளை இழுத்துச் சுருக்கமில்லாமல் சரிசெய்தாள். பேசில் விரிப்பையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். 

பெட்டியை விரிப்பின் ஒரு நுனியில் வைத்து, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வாசல் பக்கத்தைக் குச்சி கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். பிறகு, முடிச்சுகளுக்கு வலிக்குமோ என்பதுபோல வளைவை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே ஒரு உதறு. பலாப்பழம் அப்படியே கழன்று விரிப்பில் விழுந்து உடைந்து பரவியது. எல்லோரும் பின்வாங்கினார்கள். கோரலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

முதலில் ஒரே குழப்பம். பிறகு பெட்டி வாசலில் சில தேனீக்கள் பின்புறத்தைத் தூக்கிச் சிறகை அடித்தன. அந்த அழைப்பு வாசனை எட்டியதும் விரிப்பில் இருந்த அத்தனையும் ஒரே பக்கம் திரும்பின. பறக்கவில்லை; நடந்தன. வெள்ளைத் துணியின்மேல் பழுப்பு நிறத்தில் ஓர் ஊர்வலம், மணியடித்ததும் சபைக்குள் நுழைகிற ஜனங்களைப் போல, நெருக்கிக்கொண்டும் இடித்துக்கொண்டும், ஆனால் யாரையும் தள்ளிவிடாமல் வாசலுக்குள் போயிற்று. நடுவில் நீளமான ஒன்றைப் பேசில் விரல் நீட்டிக் காட்டினார். ராணி. பயந்து வேலிக்கு வெளியே நின்ற உறவினர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ராஸ் முழங்காலிட்டே உட்கார்ந்துவிட்டான். குறுகுறுவென்று நடக்கும் அந்தச் சிறு கால்களைப் பார்க்கப் பார்க்க எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்தது. படைத்தவருக்கு விளையாட்டும் தெரியும் என்று கோரலி நினைத்துக்கொண்டாள்.

பேசில் தள்ளுவண்டியைப் பார்த்தார், பிறகு தலையைச் சொறிந்தார். இனிமேல்தான் சங்கடம் என்றார். இடம் பார்க்கப் போன தேனீக்கள் பொழுது சாயும்வரை திரும்பி வந்துகொண்டே இருக்கும். இப்போதே பெட்டியை எடுத்துவிட்டால் அவை கூட்டத்தை இழந்து அநாதையாகிவிடும். கம்பில் வாசனை வேறு இருக்கிறது. வந்தவை திரும்பவும் அங்கேயே போய்த் தொங்கும். கல்யாணத்தை மண்டபத்தில் வைத்துக்கொண்டால் தான் இங்கே காவல் இருப்பதாகச் சொன்னார்.

கிளெனிஸ் உடனே மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினாள். கோரலி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு நாற்காலி ஒன்றின்மேல் கைவைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். அவள் தலையில் இன்னும் அந்த உருளைகள் இருந்தன.

"இது பேசிலோட தேனீ இல்லை. நான்தான் கூப்பிட்டேன், தெரியாம. கொசு வராம இருக்க நான் தடவின எண்ணெய்தான் இதைக் கூட்டிட்டு வந்துச்சு. அது தெரிஞ்சும் அவர் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால துணியில பட்ட நாலு பொட்டுக்காக அவர்மேல புகார் குடுத்ததும் நான்தான். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வாயால சொல்ல வேண்டியதை நகராட்சிகிட்ட சொன்னேன். அது தப்பு, பேசில். பெட்டியெல்லாம் பழையபடி வேலியோரத்துக்குக் கொண்டு வந்துடுங்க. துணியை நான் முன்பக்கம் காயப்போட்டுக்கிறேன்."

 பேசில் தரையைப் பார்த்துக்கொண்டே, அந்த இடத்தில் நல்ல வெயில் வரும் என்று மட்டும் சொன்னார்.

"இன்னைக்குக் கல்யாணத்துக்கு இருக்கணும் நீங்க" என்றாள் அவள்.

"கோட்டு போடலையே, கோரலி."

"நானே இன்னும் தலை சீவலை."

அங்கேதான் சிரிப்பு வெடித்தது. கிளெனிஸ்கூடச் சிரித்தாள். சிரித்துவிட்டு, நேராகப் பேசிலிடம் போய், தன் வாய் தன்னிடம் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை என்று விளக்கம் சொல்லி, ஒரு தட்டு நிறைய ஸ்காலப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கம்பிலிருந்து வாசனையைப் போக்க வேண்டும். வாளி வாளியாகச் சோப்புத்தண்ணீர் வந்தது. நல்ல உடுப்பு போட்ட விருந்தாளிகள் கையை மடித்துக்கொண்டு, சமையலறைத் துணியும் பழைய பல்துலக்கியுமாக ஒவ்வொரு முடிச்சையும் தேய்த்தார்கள். காரில் வந்து இறங்கிய போதகர் ஜூடித், என்ன ஏதென்று முழுவதும் கேட்டு முடிப்பதற்குள் அங்கியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு துணியை வாங்கிவிட்டார். தன் ஊழியத்தில் கல்யாணத்துக்கு முன் வளைவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

டெஸ்மண்ட் அப்போதுதான் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் புது டை. குளிர்காலம் முழுக்கத் தான் கட்டியதைச் சுற்றி நின்று ஊரே சோப்பு போட்டுத் தேய்ப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். கோரலி ஓடிப்போய், மூச்சு வாங்க, எண்ணெயிலிருந்து பெட்டிவரை எல்லாவற்றையும் சொன்னாள். வளைவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு முடிச்சும் அவிழவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். வாயோரம் மெல்லச் சிரிப்பில் வளைந்தது. கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். பேசிலிடம் போய்க் கைகொடுத்துவிட்டு, உச்சிக்கம்பு எட்டாமல் தவித்துக்கொண்டிருந்த ராஸின் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மணி கொஞ்சம் தாண்டித்தான் கல்யாணம் ஆரம்பித்தது. கோரலி நீல உடுப்பில், தலை நன்றாகச் சீவி, ஈரம் சொட்டும் வளைவின் கீழே வந்து நின்றாள். மேலேயிருந்து ஒரு சோப்புத்துளி அவள் நெற்றியில் விழுந்தது. டெஸ்மண்ட் கட்டைவிரலால் துடைத்தார். தேனீக்கள் வந்துபோக வழிவிட்டு, பெட்டிக்கு எதிரே இருந்த நாற்காலிகளை மட்டும் இருபுறமும் விலக்கிப் போட்டிருந்தார்கள். பெட்டியின் பக்கத்தில், கோட்டில்லாமல், சட்டைப் பையில் யாரோ செருகிவிட்ட ரோஜாவோடு பேசில் உட்கார்ந்திருந்தார். போதகர் ஜெபம் செய்தபோது பெட்டிக்குள்ளிருந்தும் ஓர் ஆழ்ந்த முணுமுணுப்பு வந்துகொண்டிருந்தது. கூட ஜெபிக்கிறவர்களைப் போல.

பிறகு போதகர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, இந்த இருவரும் இணைவதற்கு இங்கே யாருக்காவது மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதியில் பெட்டியின் இரைச்சல் பெரிதாகக் கேட்டது. முதல் வரிசை திரும்பிப் பெட்டியைப் பார்த்தது. இரண்டாம் வரிசையும் பார்த்தது. கடைசியில் போதகரே பார்த்தார்.

பேசில் நாற்காலியிலிருந்து குனிந்து, பெட்டியின் மூடியில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டார். பிறகு நிமிர்ந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"இவங்களுக்கு ஒண்ணும் மறுப்பில்லையாம், போதகரம்மா. இடம் பிடிச்சிருக்காம்."

சிரித்துச் சிரித்துக் கிளெனிஸுக்குக் கண் மை கரைந்தது. போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்காமல், யாரும் எதிர்பாராத விதமாக, டெஸ்மண்ட் வாயைத் திறந்தார்.

"மறுப்பு இருந்திருந்தாலும் நான் இந்த இடத்தை விட்டு நகர்றதா இல்லை" என்றார் கோரலியின் கையைப் பிடித்துக்கொண்டு. "எத்தனையோ வருஷம் அடுத்தவங்களைக் கரை சேர்த்தாச்சு. இன்னைக்கு நான் இறங்குறேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. கோரலியும் கேட்டதில்லை. கேள்வி இன்னும் அவள் பக்கம் வரவில்லை என்பதை மறந்து, "சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். போதகர் பக்கத்தைப் புரட்டி, முறைப்படி மறுபடியும் கேட்டார். அவளும் மறுபடியும் சொன்னாள், முன்னைவிடச் சத்தமாக.